மிலிட்டரி எள்ளு

போன மாதம் திண்டுக்கல்லில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒதுங்கியது ஓர் இயற்கை உணவுக் கடை. சிறுதானியம், செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஆளி விதைக்கும் பூசணி விதைக்கும் நடுவில், பளபளவென்ற உறைக்குள், சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டி உருண்டைகளாக அது உட்கார்ந்திருந்தது. ஹெம்ப் விதை என்று தமிழிலேயே அச்சடித்திருந்தார்கள். நான் செய்த முதல் காரியம், பின்னால் போலீஸ்காரர் யாராவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்ததுதான்.

நான் பார்த்த பார்வையை வேறு மாதிரி எடுத்துக்கொண்ட கடைப்பெண், பக்கத்தில் வந்து நின்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். "புரோட்டீன் நெறைய இருக்குக்கா. உடம்புக்கு நல்லது செய்யிற கொழுப்பு, இரும்புச் சத்து, மெக்னீசியம் எல்லாம் இருக்கு. வறுத்ததுதான், பொடி பண்ணித் தோசைக்குத் தொட்டுக்கலாம். சுண்டல்ல தூவிக்கலாம். புதுசா வந்திருக்குக்கா."

புதுசாம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே அதைத் தின்று வளர்ந்த உடம்பு இது என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அந்தப் பெண் என்ன நினைப்பாளோ என்று வாயை மூடிக்கொண்டு ஒரு பொட்டலம் வாங்கினேன். கஞ்சாச் செடியின் விதைதான் அது. போதையெல்லாம் இலையிலும் பூவிலும். விதையில் ஒன்றும் கிடையாது. சட்டத்துக்கும் இப்போது அந்த வித்தியாசம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அது தெரியவந்த விதம் வேறு.

அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. பட்டாளத்தில் இருந்தார். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வடமதுரைக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர் லீவுக்கு வந்தால் பெட்டிக்குள் ரம் பாட்டில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்காகவே அப்பா அவரை அழைத்துவர வடமதுரை பஸ் நிறுத்தம் வரைக்கும் சைக்கிளில் போவார். அந்தத் தடவை மாமா தன் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்தது ஒரு துணிப்பை. பை நிறைய இந்த விதை. அப்பா பெட்டியின் அடி வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, மாட்டைக் கட்டணும் என்று எழுந்து போய்விட்டார்.

மாமா அப்போது வடக்கே இமயமலைப் பக்கம் இருந்தார். அந்த மலை ஊர்களில் வீட்டுக்கு வீடு இதுதான் சாப்பாடாம். வறுத்து, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு வைத்துத் துவையல் அரைப்பார்களாம். அந்த ஊர்ப் பெண்கள் இதைத் தின்றுவிட்டுச் செங்குத்தான மலையில் புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு ஏறுவார்களாம். பின்னால் துப்பாக்கியோடு போகும் இவர்களுக்குத்தான் மூச்சு வாங்குமாம். பிள்ளை பெற்றவளுக்குக்கூடக் கொடுப்பார்களாம். மாமா இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து தானே அரைத்துக் காட்டினார். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எள்ளு மாதிரியும் இருந்தது, நிலக்கடலை மாதிரியும் இருந்தது. இதுக்கு என்னடா பேரு என்று கேட்டாள்.

மாமா கொஞ்சம் இழுத்தார். அங்கே பாங் என்பார்கள் என்று இந்தியில் எதையோ சொன்னார். அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. அவளே மிலிட்டரி எள்ளு என்று பெயர் வைத்துவிட்டாள். மாமா அதைத் திருத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அக்கா, இன்னிக்கே எல்லாத்தையும் வறுத்து வச்சிரு. பச்சையா ஒன்னுகூட வீட்ல இருக்கக் கூடாது. பூச்சி புடிச்சிரும்."

என் அம்மாவிடம் போய் விதைக்குப் பூச்சி பிடிக்கும் என்று சொல்வதாவது. எங்கள் வீட்டுக்குள் எந்தத் தானியம் நுழைந்தாலும் முதல் கைப்பிடி விதைக்குத்தான். கடையில் வாங்கின பயறாக இருந்தாலும், யார் வீட்டிலிருந்தோ கொடுத்தனுப்பிய அவரையாக இருந்தாலும் அதுதான் வழக்கம். கைப்பிடியை எடுத்துச் சாம்பலில் புரட்டி, பழைய வேட்டித் துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலே புகைபடும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுத்தான் மிச்சத்தைச் சமைப்பாள். தம்பி சொன்னபடி எல்லாவற்றையும் வறுத்தாள். வறுப்பதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டாள். அதைப் போய்த் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாமா லீவு முடிந்து போனார். மிலிட்டரி எள்ளு எங்கள் சமையலறையில் ஆட்சிக்கு வந்தது. காலையில் இட்லிக்கு அந்தப் பொடி. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்றில் நல்லெண்ணெய் விட்டு அந்தப் பொடி. ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டினால் தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக ஒரு பால் வரும். அதை ஊற்றிக் குழம்பு வைத்தால் தேங்காய் ஊற்றிய குழம்பு தோற்றுப்போகும். வடிகட்டிய சக்கை கோழிக்கு. கோழி நன்றாக முட்டையிடுகிறது என்றாள். அரைத்த விழுதைத் தன் குதிகால் வெடிப்பில் பூசிக்கொண்டாள். முட்டிவலி குறைந்துவிட்டது என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெருமை நான்தான். நான் அப்போது காற்றடித்தால் பறந்துவிடுவேன் என்று சொல்லும்படி இருந்தேன். பெரிய லீவு வருவதற்குள் கன்னம் உப்பி, பாவாடை நாடா எட்டாமல் போனது. அதே சமயத்தில் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரையை யாரும் ஒரு பேச்சுக்குக்கூடக் கண்டுகொள்ளவில்லை. பேர் வாங்கியதெல்லாம் மிலிட்டரி எள்ளு.

ஆடி பிறந்தது. அப்பா எங்கள் தோட்டத்தில் செண்டுப்பூ நாற்று நட்டார். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புவதற்கு வருடா வருடம் நடுவதுதான். அப்பா செண்டு நட்ட அன்றைக்கு அம்மா அடுப்புக்கு மேலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். செண்டு வரிசை முடியும் இடத்தில், வாய்க்கால் ஓரமாக, விரலால் குழி போட்டு ஒவ்வொன்றாக ஊன்றினாள்.

அது முளைத்ததைப் பார்க்க வேண்டுமே. ஊன்றியதில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. பம்புசெட் ஓடாத நாளில் அம்மா குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். சாணி கரைத்து ஊற்றினாள். காற்றில் சாய்ந்த செடிக்குக் குச்சி ஊன்றி, வாழை நாரால் கட்டிவிட்டாள். ஆடு கடிக்காமல் முள்ளு வெட்டிப் போட்டாள். நான் கூடவே நின்று குச்சி எடுத்துக் கொடுத்தேன். புரட்டாசிக்குள் செடி என் தலையைத் தாண்டிவிட்டது. பூப் பறிக்க வரும் பெண்கள் இலையைத் தடவிப் பார்த்து, இது என்னக்கா, புளிச்சக்கீரையில ஒரு சாதியா என்று கேட்டார்கள். புளிச்சக்கீரை இலையும் அப்படித்தான் விரல் விரலாக இருக்கும். அம்மா, மிலிட்டரி எள்ளு, என் தம்பி கொண்டாந்தது என்பாள். வாசனை வந்ததா என்றால், வந்தது. ஆனால் செண்டுப்பூத் தோட்டத்தில் நிற்கிறவர்களுக்கு வேறு எந்த வாசனையும் மூக்கில் ஏறாது.

இதற்கிடையில் மாமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வந்தது என்றால், தேடித் தேடிக் களைத்த பிறகு வந்தது. பட்டாளத்துக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். உசிரு எப்ப இருக்குமோ எப்ப போகுமோ என்று முகத்துக்கு நேராகவே ஒரு வீட்டில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் தட்டு மாற்றப் போகும் சமயத்தில் பின்வாங்கினார்கள். அன்றைக்கு அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை அவள்தான் இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவனுக்கு ஒரு குடும்பம் அமையாவிட்டால் அந்தக் குறை தன்மேல்தான் என்று நினைத்தாள்.

புதிதாக வந்த சம்பந்தம் திண்டுக்கல்லில். பெண்ணின் அப்பா போலீஸில் ஏட்டு. அந்த வார்த்தையைக் கேட்டதும் அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். போலீஸும் பட்டாளமும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகும் என்றார். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாமாவுக்குத் தந்தி போனது. அவர் லீவு வாங்கி, ரயிலேறி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்து இறங்கினார். குளித்துச் சட்டை மாற்றவே நேரம் சரியாக இருந்தது. தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

அம்மா விடியற்காலையிலிருந்து அடுப்படியில் இருந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடைசியாக மிச்சம் வைத்திருந்த வறுத்த மிலிட்டரி எள்ளு முழுவதையும் அன்றைக்குத்தான் எடுத்தாள். பாதியைப் பால் எடுத்துக் கத்தரிக்காய்க் குழம்பில் ஊற்றினாள். பாதியைத் துவையல் அரைத்தாள். டவுன்காரர்கள் தின்னாதது என்ன இருக்கிறது, இதைத் தின்றிருக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

ஏட்டு, அவர் மனைவி, ஏட்டின் அண்ணன் மூன்று பேரும் வந்தார்கள். ஏட்டு நல்ல உயரம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சீருடையில் இல்லாவிட்டாலும் மீசையே சொல்லிவிடும். சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கை நனைத்துவிட்டால் பாதி சம்மதம் சொன்ன மாதிரி. காபி மட்டும் போதும் என்று ஏட்டின் மனைவி வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். ஆனால் குழம்பு கொதிக்கும் வாசம் ஏட்டை என்னவோ செய்தது. பேசிக்கொண்டே இருந்தவர் நடுநடுவே அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில், இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு வாய் சாப்பிட்டா என்ன குறைஞ்சிரும் என்று தானே இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி முழங்கையால் இடித்ததை நான் பார்த்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். துவையலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அம்மா மாமாவைப் பார்த்த பார்வையில் கல்யாணமே முடிந்துவிட்டிருந்தது.

சாப்பிட்டு எழுந்த ஏட்டு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, செத்த நேரம் தோட்டத்தப் பாத்துட்டு வாரேன், அப்பத்தான் செமிக்கும் என்றார். அவர் மனைவியும் அண்ணனும் வெற்றிலைத் தட்டோடு வீட்டிலேயே இருந்துவிட, அப்பா அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மாவும் மாமாவும் ஏட்டுக்குப் பின்னால் நடந்தார்கள். நான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன்.

செண்டுப்பூ அப்படிப் பூத்திருந்தது. ஏட்டு வரப்பில் நடந்துகொண்டே, தன் மகளுக்குச் சமையல் தெரியும், பத்தாவது முடித்திருக்கிறாள், கொஞ்சம் வாய்தான் ஜாஸ்தி என்று சொல்லி வந்தார். நல்ல சிரிப்பாகப் பேசினார். வாய்க்கால் ஓரம் வந்ததும் பேச்சு பாதியில் நின்றது.

அவர் ஓர் இலையைப் பறித்தார். விரல்களுக்கு நடுவில் கசக்கி முகர்ந்தார். கையைத் தன் வெள்ளை வேட்டியில் துடைத்தார். துடைத்த பிறகு, எதில் துடைத்தோம் என்று குனிந்து வேட்டியைப் பார்த்தார். அவர் முகம் எப்படி மாறியது என்பது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சிரித்துக்கொண்டு வந்த மனிதர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. அங்கே நின்றது வேறு ஆள்.

"இத யாரு வெதச்சது?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். எனக்கோ குஷி தாங்கவில்லை. அம்மாவின் செடியை ஒரு போலீஸ்காரரே விசாரிக்கிறார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சொல்லுவதற்கு வாயைத் திறந்தாள்.

"நான்தான் சார்."

சொன்னது மாமா. திரும்பிப் பார்த்தேன். வாய்க்கால் சேற்றில் குதிகாலைச் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டி, விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "போன லீவுல நான்தான் சார் வெதச்சேன். எங்க அக்காவுக்கு ஒன்னும் தெரியாது" என்றார்.

எனக்கு வந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்வது. மாமா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட பொய். குழி தோண்டியது அம்மா. குடத்தில் தண்ணீர் சுமந்தது அம்மா. முள்ளு வெட்டிக் கையைக் கிழித்துக்கொண்டது அம்மா. காலையில் ரயிலில் வந்து இறங்கிவிட்டு, டவுன் ஆட்களுக்கு முன்னால், பெண் கிடைக்க வேண்டும் என்பதற்காக, மொத்தப் பேரையும் தான் தட்டிக்கொண்டு போகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய்யி. அம்மாதான் வெதச்சாங்க. தண்ணியும் அம்மாதான் ஊத்துனாங்க. மாமா இன்னிக்குத்தான் வந்தாரு."

சொல்லி முடிக்கவில்லை. மாமாவின் கை என் வாயைப் பொத்தியது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த கை அது. என்மேல் ஒரு தடவைகூடக் கோபத்தில் பட்டதில்லை. நான் திமிறினேன். விடவில்லை. உள்ளங்கையில் பல் பதியக் கடித்தேன். அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை.

அம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. "ஏலே, நீ எங்கடா வெதச்ச? நான்ல வெதச்சேன்" என்றாள் மாமாவிடம். ஏட்டின் பக்கம் திரும்பி, "புள்ள சொல்றதுதாங்க நெசம். நீங்க ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனீங்களே தொவையலு, அது இதுதாங்க. கொழம்புக்கும் இதுலதான் பாலு எடுத்தேன். பொண்ணு வந்ததும் எல்லாப் பக்குவமும் சொல்லிக்குடுத்துருவேன்" என்றாள்.

ஏட்டு தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பம்புசெட் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தார். தண்ணீரில் தன் முகத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மாமாவிடம், கண்ணு செவந்திருக்கா என்று கேட்டார். வெதையில ஒன்னும் கெடையாது சார், அங்க கைக்குழந்தைக்காரிக்கே குடுக்குறாங்க என்றார் மாமா. ஏட்டு தலையை ஆட்டிக்கொண்டார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன செடின்னு தெரியுமா ஒனக்கு?"

"மிலிட்டரி எள்ளுங்க."

"இது கஞ்சாம்மா."

எனக்கு அந்த வார்த்தை தெரியாது. செடிக்கு இப்படியும் ஒரு பேர் இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நின்ற இடத்திலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பட்டுச் சேலை சேற்றில் புரண்டது. அவள் வாயில் முதலில் வந்தது, அய்யோ, புள்ளைக்குக் குடுத்தேனே என்பதுதான். என்னை இழுத்து என் கண்ணை விரித்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"பாவி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"பச்சையா வைக்காதன்னு சொன்னேன்லக்கா."

"பூச்சி புடிக்கும்னுதானடா சொன்ன."

அக்காவிடம் அந்தப் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு மாமா சொன்ன சின்னப் பொய்தான் ஆளுயரத்துக்கு வளர்ந்து வாய்க்கால் ஓரம் நின்றுகொண்டிருந்தது.

ஏட்டு எழுந்து நின்று பேசினார். செடி வளர்த்தாலே கேஸ் என்றார். தெரியாமல் செய்தேன் என்றால் கேட்க மாட்டார்கள், வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டிவரும், ஜாமீன்கூடச் சுலபத்தில் கிடைக்காது என்றார். மாமாவின் பெயர் வந்தால் பட்டாளத்து வேலை அன்றைக்கே போய்விடும் என்றார். பார்த்துவிட்டுச் சும்மா போனால் தன் வேலையும் போய்விடும் என்றார். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள். என்னையப் புடிச்சிட்டுப் போங்க, அவன விட்டுருங்க என்றாள். இல்ல சார், கொண்டாந்தது நான்தான், நான் வாரேன் என்றார் மாமா. நீ செத்த சும்மா இருடா என்று அம்மா அவரை அதட்டினாள். நான்தான், இல்லை நான்தான் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு நான் மனசுக்குள் அம்மா கட்சி பேசிக்கொண்டிருந்தேன்.

ஏட்டு இருவரையும் பேசவிட்டு, மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரோட்டுப் பக்கம் ஒரு பார்வை, வீட்டுப் பக்கம் ஒரு பார்வை. சட்டையைக் கழற்றி முருங்கைக் கிளையில் மாட்டினார்.

"மம்முட்டி இருக்கா?"

செடியைப் பிடுங்கிக் குவித்த பிறகு, என்ன செய்வது என்று தெரியவில்லை. மாட்டுக்குப் போட்டுரலாமா என்று அம்மா அழுகைக்கு நடுவில் கேட்டாள். ஏட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். எரிக்கலாம் என்றால் புகை ஊருக்குள்தான் போகும். ஊரே சிரித்துக்கொண்டு கிடக்கும் என்றார் அவர். அந்த நேரத்திலும் அவருக்கு அப்படிச் சொல்ல வந்தது. கடைசியில் எருக்குழியைத் தோண்டினார்கள். போலீஸும் பட்டாளமும் மாறி மாறி வெட்ட, அம்மா செடியை மிதித்து மிதித்து உள்ளே தள்ளினாள். குச்சி ஊன்றிக் கட்டிய வாழை நார் ஒவ்வொரு செடியிலும் அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்த்ததும் இன்னும் அழுதாள். மேலே சாணியும் மண்ணும் போட்டு மூடினார்கள். தொட்டித் தண்ணீரில் கை காலைக் கழுவிக்கொண்டு, ஏட்டு சட்டையை மாட்டினார். வேட்டி மட்டும் போனது போனதுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் மனைவி பதறிப்போய் எழுந்தார். வாய்க்கால்ல வழுக்கிருச்சு என்றார் ஏட்டு. அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். சம்பந்தம் போனது போனதுதான், ஆளையாவது விட்டுவிட்டுப் போனால் போதும் என்று அவள் உதடு முணுமுணுத்தது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. எல்லோருடைய காலிலும் ஏன் இவ்வளவு சேறு என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எம் பொண்ணு இந்த வீட்டுக்குத்தான். மத்தத நீங்க பேசி முடிங்க."

அம்மாவின் கை பட்டு வெற்றிலைத் தட்டு கீழே விழுந்து உருண்டது. ஏட்டின் மனைவி, என்னங்க, ஜாதகம்கூட இன்னும் பாக்கலையே என்று இழுத்தார். ஏட்டு செருப்பைத் தேடினார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதுவரைக்கும் அம்மா தோட்டத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தினம் எருக்குழியைச் சுற்றி வருவாள். மண்ணில் பச்சையாக எது தலைகாட்டினாலும் பிடுங்கிவிடுவாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் கத்தரி இல்லை, மிளகாய் இல்லை. அப்பா காரணம் கேட்டு ஓய்ந்துபோனார். பொங்கலுக்குப் பிறகுதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து போய் எருக்குழியைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஏட்டு ஏன் சம்மதித்தார் என்பது எனக்குத் தெரிய, மாமாவைக் கட்டிக்கொண்டு வந்த அத்தைதான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அதுவும் நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குச் சேற்று வேட்டியோடு வீட்டுக்குப் போனதும் அவர் அப்பா அவரைக் கூப்பிட்டு, "அக்காளுக்காக ஜெயிலுக்குப் போறேன்னு நின்னான் பாப்பா. ஒன்னைய அவன் கைவிட மாட்டான்" என்றாராம். எந்த ஜெயில், என்ன கதை என்று அத்தைக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியுமாம்.

கடையில் வாங்கிய பொட்டலத்தைப் போன மாதம் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது இதெல்லாம் கடையிலேயே விற்கிறார்கள், உடம்புக்கு நல்லதாம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் கையில்கூட வாங்கவில்லை. தள்ளி நின்று, வறுத்ததா பச்சையா என்று மட்டும் கேட்டாள். வறுத்தது என்றதும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றாள். நாம வறுத்த பக்குவம் இதுல இல்ல என்றாள்.

மாமாவோடு நான் அந்த ஐப்பசியிலிருந்து கல்யாணம் வரைக்கும் பேசவே இல்லை. அவர் வாங்கி வந்த பால்கோவாவைத் தொடவில்லை. கல்யாணத்தன்று நாத்தனார் முடிச்சுப் போட்ட அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவரை முறைத்துக்கொண்டே இருந்தேன். அம்மா வளர்த்த செடிக்குத் தான் பேர் வாங்கப் பார்த்தவர், என்ன இருந்தாலும் திருடன்தானே. தாலி கட்ட நீட்டிய கையில் என் பல் பட்ட தடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன், இல்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் என் வாயைப் பொத்தியிருந்த அந்தக் கை, துப்பாக்கி பிடித்துப் பழகிய கை, கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பேர் வாங்கப் போய் மாட்டிக்கொண்டதால் வந்த நடுக்கம் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.